சைபர் வழக்கில் வழக்கறிஞரும் காவல் துறையும்: சேலத்தில் வழக்கறிஞர் தொழில் செய்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சைபர் மோசடியில் பணம் நிமிடக் கணக்கில் நகரும். வழக்கின் காகிதம் மாதக் கணக்கில்தான் நகரும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் வழக்கறிஞர் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்றுதான்: விசாரணை அதிகாரி மனுவைக் கையில் எடுத்தவுடன் வங்கிக்கும் செல்போன் நிறுவனத்துக்கும் கடிதம் எழுதிவிடக்கூடிய அளவுக்குத் தகவலை ஒழுங்காக்கிக் கொடுப்பது. ஆய்வாளர் மேசையில் குவிந்திருக்கும் மனுக்களில் பரிவர்த்தனை எண் சரியாக இருக்கும் மனுதான் முதலில் நகரும். சிபாரிசுக்கோ சத்தத்துக்கோ அந்த வேகம் கிடையாது.

முதல் சைபர் வழக்கைக் கையில் எடுக்கும் இளம் வழக்கறிஞர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். பணத்தை இழந்தவர், கணக்கு முடங்கிய வியாபாரி, குற்றம் சாட்டப்பட்டவர் என எந்தப் பக்கம் நின்றாலும் காவல் துறையோடு எப்படி வேலை செய்வது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் அரை மணி நேரம்

கட்சிக்காரர் பதற்றத்தில் அழைப்பார். முழுக் கதையையும் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் அவரை சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். வங்கியில் பதிவான செல்போன் எண்ணிலிருந்து அவரே அழைப்பது நல்லது. வக்காலத்து, கட்டணம், சந்திப்பு நேரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1930-இல் கேட்கும் விவரங்களை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்: பணம் போன வங்கியும் கணக்கு எண்ணும், ஒவ்வொரு பரிவர்த்தனையின் தொகை, தேதி, நேரம், எண், பணம் போய்ச் சேர்ந்த கணக்கு அல்லது யுபிஐ முகவரி, மோசடிக்காரர் பேசிய செல்போன் எண்கள். இதில் அதிகம் தவறுவது பரிவர்த்தனை எண்ணில்தான். யுபிஐ, ஐஎம்பிஎஸ் பரிவர்த்தனைக்கு 12 இலக்கம். நெஃப்ட் என்றால் 16 எழுத்தும் எண்ணும், ஆர்டிஜிஎஸ் என்றால் 22. போன்பேயில் 'டி' என்று தொடங்கும் நீள எண் அந்தச் செயலியின் சொந்த எண். வங்கிக்குத் தேவைப்படுவது அதன் கீழே யுடிஆர் என்று காட்டும் 12 இலக்கம். கூகுள் பேயிலும் அப்படித்தான்: யுபிஐ பரிவர்த்தனை எண்ணும் கூகுள் பரிவர்த்தனை எண்ணும் தனித்தனி. தவறான எண்ணைக் கொடுத்தால் பதிவு ஆகிவிடும், ஆனால் வங்கியால் பணத்தைத் தேட முடியாது. அந்த இடைவெளியில் பணம் இரண்டு மூன்று கணக்குகளைத் தாண்டி ஏடிஎம்மில் வெளியே வந்துவிடும்.

1930 அழைப்போடு வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். அழைத்த பிறகு குறுஞ்செய்தியில் ஒப்புகை எண் வரும். அதை வைத்து தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் அன்றே முழுப் புகாரையும் பதிவு செய்ய வேண்டும். வங்கிக்குத் தனியாக எழுத்துப்பூர்வப் புகார் கொடுத்து, அதற்கும் எண் வாங்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் மூன்றாம் நபரால் நடந்த பரிவர்த்தனையை 3 வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் அவருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாள் வரை வரம்புக்குட்பட்ட பொறுப்பு. ஓடிபியைத் தானே சொல்லியிருந்தால், அல்லது தானே பணம் அனுப்பியிருந்தால் இந்தப் பாதுகாப்பு அப்படியே பொருந்தாது. இதைக் கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஏற்காட்டிலிருந்தோ நாகலூர், வெள்ளக்கடை பக்கமிருந்தோ அழைப்பவர்கள், 'கீழே இறங்கி சேலம் வந்து புகார் கொடுக்கிறேன்' என்பார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி முடிப்பதற்குள் பணம் போய்விடும். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு நடந்து போயாவது 1930-க்குப் பேசிவிட்டுப் பிறகு பேருந்து ஏறட்டும்.

தொலைவிலிருந்து போனை இயக்கும் செயலி ஏதாவது ஏற்றப்பட்டிருந்தால் உடனே விமானப் பயன்முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். கடவுச்சொற்களை வேறொரு போனிலிருந்து மாற்றட்டும். அந்தச் செயலியை நீக்க வேண்டாம், போனை 'ரீசெட்' செய்யவே கூடாது. பயத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிட்டு வருபவர்கள் நிறைய. அழிந்ததை மீட்பது எப்போதும் நடக்காது.

இன்னொரு எச்சரிக்கையும் இப்போதே. பணத்தை இழந்தவரை அடுத்த சில நாளில் 'சைபர் போலீஸ் பேசுகிறோம்', 'வக்கீல் ஆபீஸ், பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று யாராவது அழைத்து முன்பணம் கேட்கக்கூடும். அது இரண்டாவது மோசடி. புகார் பதிவு செய்யவோ பணத்தைத் திருப்பித் தரவோ காவல் துறை கட்டணம் கேட்காது.

எந்த ஸ்டேஷன்

சேலத்தில் மாநகரக் காவல் ஆணையரகம் வேறு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம் வேறு. இரண்டுக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையம். அஸ்தம்பட்டி, சூரமங்கலம், செவ்வாய்பேட்டை, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி எல்லாம் மாநகரம். ஏற்காடு, ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர், மேட்டூர், சங்ககிரி, எடப்பாடி, இளம்பிள்ளை எல்லாம் மாவட்டம். ஏற்காட்டுக்காரர் மாநகர நிலையத்தில் அரை நாள் காத்திருந்து திரும்புவது வீண். வீடு எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அவசரமானால் எல்லை ஒரு தடையல்ல. பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 173(1)-இன்படி எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம், மின்னணு வழியிலும் அனுப்பலாம். சட்டத்தின் பெயர் சொல்லாமல் 'பிரிவு' என்று கீழே வருவதெல்லாம் இந்தச் சட்டத்தினுடையவை. மின்னணுவில் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். இதைத் தவறவிட்டதாலேயே தேங்கும் புகார்கள் உண்டு.

சில குற்றங்களுக்கு இரண்டு ஊரில் இடம் உண்டு. ஏற்காட்டு எஸ்டேட் பங்களா ஒன்றின் பெயரில் போலி இணையதளம் தொடங்கி, பெங்களூருக்காரரிடம் முன்பணம் பறித்ததாக வைத்துக்கொள்வோம். மின்னணுத் தொடர்பின் மூலம் ஏமாற்றினால், செய்தி அனுப்பப்பட்ட இடத்திலோ கிடைத்த இடத்திலோ விசாரிக்கலாம் என்கிறது பிரிவு 202. ஆகவே பணம் இழந்தவர் பெங்களூரிலேயே புகார் கொடுக்கலாம். பங்களா உரிமையாளர் தன் பெயரும் படங்களும் தவறாகப் பயன்பட்டதற்குச் சேலம் மாவட்டத்தில் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும். அவருடைய வழக்கறிஞர் அந்த இரண்டு குற்ற எண்களையும் இரு நிலையங்களுக்கும் எழுதித் தெரிவித்தால், ஒரே கும்பலை இரண்டு குழு தனித்தனியாகத் தேடுவது தவிர்க்கப்படும்.

சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு முதல் தகவல் அறிக்கை கிடைத்துவிட்டதாக நம்பிவிடாதீர்கள். சி.எஸ்.ஆர். என்பது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான பதிவு மட்டுமே. குற்ற எண் விழுந்ததா என்று கேளுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும்.

மனுவை எழுதுவது

வழக்கின் போக்கை முடிவு செய்வது இந்த மனுதான். ஸ்டேஷனில் எழுத்தர் எழுதிக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். முதல் பக்கத்தில் சம்பவச் சுருக்கம், இரண்டாவதில் பரிவர்த்தனை அட்டவணை, மூன்றாவதில் மோசடிக்காரரின் அடையாளங்கள். மீதி எல்லாம் இணைப்பு.

அட்டவணையில் ஒரு வரிக்கு ஒரு பரிவர்த்தனை: தேதி, நேரம், அனுப்பிய வங்கியும் கணக்கும், தொகை, யுடிஆர் எண், பெற்ற கணக்கு அல்லது யுபிஐ முகவரி. கீழே கூட்டுத்தொகை. அந்தக் கூட்டுத்தொகை 1930-இல் சொன்ன தொகையோடும் வங்கி அறிக்கையோடும் பொருந்த வேண்டும். திரும்பி வந்த சிறு தொகைகளை மறைக்காமல் தனி வரியில் காட்டுங்கள். ஆன்லைன் டிரேடிங் மோசடிகளில் நம்பிக்கை வர முதலில் கொஞ்சம் பணத்தைத் திருப்பித் தருவார்கள். அது எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பது நல்ல துப்பு.

அடையாளங்கள் என்றால் காட்சிப் பெயர் போதாது. இன்ஸ்டாகிராம், முகநூல் கணக்கின் முழு இணைப்பு வேண்டும், ஏனென்றால் பெயரையும் படத்தையும் நொடியில் மாற்றிவிடலாம். மின்னஞ்சல் வந்திருந்தால் முழுத் தலைப்பு விவரத்தோடு. இணையதளம் என்றால் முகவரியை எழுத்துப் பிழையில்லாமல். போலித் தளங்கள் ஓரெழுத்து மாற்றத்தில்தான் வாழ்கின்றன.

கட்சிக்காரர்கள் அவமானத்தால் சிலவற்றை மறைப்பார்கள்: ஓடிபி சொன்னது, திரையைப் பகிர்ந்தது, கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கை இன்னொருவருக்குக் கொடுத்தது. அதை வழக்கறிஞர் தனியறையில் பொறுமையாகக் கேட்டு வெளியே கொண்டுவர வேண்டும். மனுவில் மறைத்த உண்மை வங்கிப் பதிவில் வெளிப்படும். அப்படி வெளிப்பட்டால், மீதி உண்மைகளையும் விசாரணை அதிகாரி நம்பத் தயங்குவார்.

பிரிவுகளை மனுவிலேயே குறிப்பிடலாம், முடிவு காவல் துறையுடையது. பெரும்பாலான பண மோசடிகளில் பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 318(4) (ஏமாற்றிப் பணம் பெறுதல்), 319(2) (ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல்), தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி (அடையாளத் திருட்டு), 66டி (கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி) வரும். இதில் 318(4)-ஐ விட்டுவிடாமல் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பிரிவு 173(3)-இன்படி 3 ஆண்டும் அதற்கு மேலும், ஆனால் 7 ஆண்டுக்குக் குறைவாகவும் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். 66டி-க்கு 3 ஆண்டு, 319(2)-க்கு 5 ஆண்டு. இரண்டும் அந்த வரம்புக்குள் வரும். 318(4)-க்கு 7 ஆண்டு வரை தண்டனை என்பதால் அது வெளியே நிற்கும். 'முதலில் விசாரிக்கிறோம், பிறகு பதிவு செய்கிறோம்' என்று சொன்னால் மரியாதையாக எடுத்துச் சொல்ல வேண்டிய வாதம் இது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாகத் தெரிந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்பதை 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதும் கையில் இருக்கட்டும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும் என்பது அதன் பிரிவு 78. சாட்சி வாக்குமூலங்களையும் கைப்பற்றுதலையும் உதவி ஆய்வாளரே முழுக்க நடத்தினால், நாளை குறுக்கு விசாரணையில் அந்த இடத்தில்தான் ஓட்டை விழும். பாதிக்கப்பட்டவர் தரப்பில் இருப்பவர் இதை இப்போதே கவனிக்க வேண்டும்.

மின்னணுச் சான்று

ஸ்கிரீன்ஷாட்டுகளை அச்செடுத்துக் கோப்பில் தைத்தால் போதும் என்ற எண்ணம்தான் பல வழக்குகளைக் கெடுக்கிறது. மூலம் கட்சிக்காரரின் போன். அந்தப் போனையே நீதிமன்றத்தில் ஒப்படைத்து, உரிமையாளர் சாட்சியம் சொன்னால் அதுவே முதன்மைச் சான்று, சான்றிதழ் தேவைப்படாது. நகலைக் காட்டுவதானால் பி.எஸ்.ஏ. (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63(4) சான்றிதழ் கட்டாயம். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் இந்தக் கட்டாயத்தைப் பெற்றது 2014 அன்வர் தீர்ப்பிலும், அதை உறுதி செய்த 2020 அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பிலும். புதிய சட்டத்தில் சான்றிதழ் இரண்டு பகுதி: 'ஏ' பகுதியில் சாதனத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர், 'பி' பகுதியில் நிபுணர். இரண்டிலும் கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற அடையாளம்), அது எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதும் வர வேண்டும். பழைய 65பி படிவத்தையே தேதி மாற்றிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது எதிர்த்தரப்புக்குக் கொடுக்கும் பரிசு.

செய்முறை இது. வாட்ஸ்அப் உரையாடலைப் படங்களோடும் குரல் பதிவுகளோடும் ஏற்றுமதி செய்து, கட்சிக்காரரின் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவருடைய கணினியில் இறக்கி, ஒரு கோப்புறையில் வைத்து, எதையும் பெயர் மாற்றாமல் ஹேஷ் எடுங்கள். எஸ்ஹெச்ஏ-256 முறை என்றால் 64 எழுத்துகள் வரும். விண்டோஸில் உள்ள 'செர்ட்யூட்டில்' (certutil) என்ற கட்டளையே போதும், செயலி வாங்கத் தேவையில்லை. அந்த 64 எழுத்தையும் கையால் நகலெடுக்காமல் அப்படியே ஒட்டி அச்செடுங்கள், ஓர் எழுத்து மாறினாலும் வேறு கோப்பு என்றாகிவிடும். பிறகு ஒரு பென் டிரைவில் ஏற்றி ஆய்வாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

இதில் வழக்கறிஞர்கள் தாங்களே மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. 'எல்லாவற்றையும் என் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள்' என்று சொல்லி, அலுவலக அச்சுப்பொறியில் எடுத்துத் தாக்கல் செய்வது. அப்போது நகலை உருவாக்கிய சாதனம் வழக்கறிஞருடையது, 'ஏ' பகுதியில் கையெழுத்திட வேண்டியவரும் அவரே. சாட்சியாகக்கூடிய வழக்கை நடத்தக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. படித்துப் பார்க்க ஒரு நகல் உங்களுக்கு வரலாம். நீதிமன்றத்துக்குப் போகும் நகல் கட்சிக்காரரின் சாதனத்திலிருந்தே வர வேண்டும்.

விசாரணை அதிகாரியோடு வேலை செய்வது

விசாரணை காவல் துறையின் வேலை. மோசடிக்காரரின் எண்ணுக்குப் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பது, அவருடைய கணக்கில் நுழைய ஆள் தேடுவது, கணக்கு வைத்திருப்பவரின் வீட்டுக்கே போவது எல்லாம் வழக்கறிஞரும் கட்சிக்காரரும் தொடக் கூடாதவை. சான்று கெடும், எதிரி உஷாராவான், சில நேரம் உங்கள் மீதே வழக்கு வரும்.

நீங்கள் செய்யக்கூடியது, எங்கே எந்தத் தகவல் எவ்வளவு நாள் இருக்கும் என்பதை ஒரு பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுப்பது. அழைப்புப் பதிவுகளைச் செல்போன் நிறுவனங்கள் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும், அதில் அவசரம் குறைவு. ஏடிஎம் கேமரா பதிவு அவ்வளவு நாள் இருக்காது, மேலெழுதப்பட்டுவிடும். பணம் எங்கோ ஏடிஎம்மில் எடுக்கப்பட்டது தெரிந்தால் பதிவைக் கொடுக்கச் சொல்லும் பிரிவு 94 அறிவிப்பு அன்றே போக வேண்டும். அமெரிக்க நிறுவனங்களின் சமூக ஊடகக் கணக்குகளுக்கு முதலில் 'அழிக்காமல் வை' என்ற கோரிக்கையை அந்த நிறுவனங்களின் காவல் துறைக்கான தளத்தில் அனுப்பலாம். அது 90 நாளுக்குத் தகவலைப் பிடித்து வைக்கும், நீட்டிக்கவும் முடியும். அந்தத் தளம் காவல் துறைக்கு மட்டுமே, நாம் அனுப்பினால் பதில் வராது. ஆகவே இணைப்பு முகவரிகளைத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் ஆய்வாளருக்கு அனுப்பிவிடுங்கள். தாளில் இருக்கும் நீண்ட முகவரியை அவர் மீண்டும் தட்டச்சு செய்யும்போது பிழை வரும்.

ஐபி முகவரி விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து கவனம் வேண்டும். ஒரே ஐபி முகவரியைச் செல்போன் நிறுவனம் ஒரே நேரத்தில் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. ஒவ்வொருவரின் இணைப்பையும் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் விநாடி வரை துல்லியமான நேரமும் இல்லாமல் அதை ஒருவரோடு பொருத்த முடியாது. வெளிநாட்டு நிறுவனங்கள் தரும் நேரம் பெரும்பாலும் யுடிசி எனும் உலகப் பொது நேரம். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். கூட்டாமல் கடிதம் எழுதினால் சம்பந்தமே இல்லாத ஒருவரின் வீட்டுக் கதவைக் காவல் துறை தட்டும். பாதிக்கப்பட்டவர் தரப்பானாலும் எதிர்த்தரப்பானாலும் இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

தினமும் ஸ்டேஷனுக்குப் போன் செய்வதால் பயனில்லை. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, குற்ற எண்ணையும் ஒப்புகை எண்ணையும் மேலே எழுதி, புதிதாகக் கிடைத்த தகவலோடு ஒரு கடிதம் கொடுங்கள். விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 193(3). அந்த நாளைக் குறித்து வைத்து, வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.

வழக்கே பதியவில்லை என்றால் வரிசை மாறக் கூடாது. முதலில் நிலையம். பிறகு பிரிவு 173(4)-இன்படி காவல் கண்காணிப்பாளர், மாநகரமானால் ஆணையர் அலுவலகம், விரைவுத் தபாலில். அதன் பிறகே, விசாரணைக்கு உத்தரவிடக் கோரி நடுவர் நீதிமன்றத்தில் பிரிவு 175(3) மனு, உறுதிமொழிப் பத்திரத்தோடு. நடுப்படியைத் தாண்டினால் மனு திரும்பி வரும். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பிடித்து வைத்த பணத்தை மீட்பது

1930 வழியாகப் பணம் பிடித்து வைக்கப்பட்டிருந்தால், எந்த வங்கியில், எந்தக் கணக்கில், எவ்வளவு என்ற பட்டியலை விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் நீதிமன்றம் போக வேண்டாம். சிறிய தொகைகளை நீதிமன்ற உத்தரவு இல்லாமலேயே திருப்பித் தரும் நடைமுறையும் வந்திருக்கிறது, அது பொருந்துமா என்று நிலையத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

மற்றவற்றுக்கு எல்லைக்குட்பட்ட நீதித்துறை நடுவரிடம் பிரிவு 503 மனு. முதல் தகவல் அறிக்கை, ஒப்புகை எண், வங்கி அறிக்கை, பிடித்து வைத்த பட்டியல், அடையாள அட்டை, தேவைப்பட்டால் பணத்தைத் திரும்ப ஒப்படைப்பேன் என்ற பிணைப்பத்திரம் ஆகியவை வேண்டும். மனு நகலை அரசு உதவி வழக்கறிஞருக்கும் விசாரணை அதிகாரிக்கும் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அடுத்த வாய்தாவுக்கே காவல் துறையின் பதில் வந்துவிடும். பெரும்பாலான தாமதம் அந்தப் பதிலில்தான். உத்தரவில் கணக்கு எண், கிளை, தொகை, பணம் வர வேண்டிய கணக்கு நான்கும் தெளிவாக இருக்கும்படி வரைவைத் தயார் செய்யுங்கள். 'பிடித்து வைத்த தொகையை விடுவிக்கவும்' என்று மட்டும் இருந்தால் வங்கி விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பும்.

ஒரே கணக்கில் பல பேருடைய பணம் கலந்திருந்தால் சிக்கல். பிடித்து வைத்தது 2 லட்சம், உரிமை கோருபவர்கள் இழந்தது 9 லட்சம் என்று வரும். உங்கள் கட்சிக்காரரின் பணம் அந்தக் கணக்குக்குள் வந்த நேரத்தையும், அதன் பிறகு வெளியேறிய தொகைகளையும் வங்கி அறிக்கையிலிருந்து வரிசைப்படுத்திக் காட்டினால் கோரிக்கைக்குப் பலம் கூடும்.

கணக்கு முடங்கிய வியாபாரி

இளம்பிள்ளையில் சேலை மொத்த வியாபாரி, செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்காரர். வாட்ஸ்அப்பில் ஆர்டர், யுபிஐயில் பணம், பார்சல் போய்விட்டது. ஒரு வாரம் கழித்து, வேறொரு மாநிலக் காவல் நிலையத்தின் கடிதத்தால் கணக்கு முழுவதும் முடக்கம். வந்த பணம் எங்கோ ஒருவரை ஏமாற்றிய பணமாக இருந்திருக்கிறது. இந்த மாதிரி வியாபாரிக்கு ஒவ்வொரு நாளும் நஷ்டம். தறிக்காரருக்குக் கூலி கொடுக்க முடியாது, காசோலை திரும்பும்.

வங்கிக்கு எழுதி, எந்த மாநிலம், எந்த நிலையம், எந்த ஒப்புகை எண், எவ்வளவு தொகை என்ற நான்கையும் வாங்குங்கள். பிறகு அந்த நிலையத்தின் விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் ஒரு தொகுப்பு: ஜிஎஸ்டி பதிவு, குறிப்பிட்ட பரிவர்த்தனைக்கான பில், ஆர்டர் உரையாடல், பார்சல் ரசீது, வாங்கியவரின் எண்ணும் முகவரியும், ஆறு மாத வங்கி அறிக்கை. கோரிக்கை இரண்டு அடுக்காக இருக்கட்டும்: முழு முடக்கத்தை நீக்குங்கள், முடியாவிட்டால் சர்ச்சைக்குரிய தொகைக்கு மட்டும் தடை வைத்து மீதியை இயக்க விடுங்கள். இரண்டாவது கோரிக்கைதான் பெரும்பாலும் முதலில் நடக்கும். தொகையைக் குறிப்பிடாமல் கணக்கு முழுவதையும் முடக்குவது சரியல்ல என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பிரிவு 106-இல் கைப்பற்றினால் நடுவருக்கு உடனே தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்தார்களா என்று கேளுங்கள். குற்றத்தில் வந்த பணம் என்றால் பிரிவு 107-இன்படி நீதிமன்றம் வழியாகவே முடக்க வேண்டும் என்ற வாதமும் உயர் நீதிமன்றங்களில் எடுபட்டிருக்கிறது. பதிலே இல்லாவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு, வங்கியையும் சேர்த்து. வேறு மாநில அதிகாரி 'நேரில் வாருங்கள்' என்று போனில் மட்டும் சொன்னால், எழுத்துப்பூர்வ அறிவிப்பு கேளுங்கள். தடையை நீக்க யாராவது பணம் கேட்டால் அந்த எண்ணையும் நேரத்தையும் குறித்து அங்குள்ள மேலதிகாரிக்கு எழுதுங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவருக்காக நிற்கும்போது

சேலத்தில் கல்லூரிப் பையன்களும் கூலித் தொழிலாளிகளும் இந்த வலையில் சிக்கும் வழி, கமிஷனுக்காகத் தங்கள் வங்கிக் கணக்கு, சிம், ஏடிஎம் அட்டையைக் கொடுப்பது. 'மியூல்' கணக்கு என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். தெரிந்து கொடுத்தாரா, ஏமாந்து கொடுத்தாரா என்பதுதான் வழக்கின் மையம். கணக்கு தொடங்க அழைத்துப் போனவர் யார், கமிஷன் எவ்வளவு, எத்தனை முறை வந்தது என்பதை முதல் சந்திப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றத்தில் பொதுவாக, கைது செய்யாமல் நேரில் ஆஜராகச் சொல்லும் பிரிவு 35(3) அறிவிப்பு வரும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். முறையான அறிவிப்பு கேட்டு எழுதி, தேதி வாங்கி, ஆஜராக வைப்பதே பாதுகாப்பு. ஆஜரான நாளையும் கொடுத்த ஆவணங்களையும் எழுத்தில் பதிவு செய்யுங்கள், முன்ஜாமீன் மனுவுக்கு அதுவே அடித்தளம். கைதானால் விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை பிரிவு 38-இல் இருக்கிறது. விசாரணை முழுவதும் உடன் உட்காரும் உரிமை அல்ல அது.

போனைக் கைப்பற்றும்போது மகஜரில் ஐஎம்இஐ எண்கள், சிம் எண், போன் இயங்கும் நிலையில் இருந்ததா, எப்படி மூடி முத்திரையிட்டார்கள் என்பது வர வேண்டும். பிரிவு 105-இன்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். கைப்பற்றிய பிறகு போன் இயக்கப்பட்டிருந்தால் தடய அறிவியல் அறிக்கையின் நேரக் குறிப்புகளில் அது தெரியும். குறுக்கு விசாரணைக்கு இதைவிட வலுவான இடம் குறைவு.

பி.என்.எஸ். 111, அதாவது திட்டமிட்ட குற்றம், சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 318(4) மட்டும் என்றால் 60 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் கட்டாய ஜாமீன். 111 சேர்ந்தால் அது 90 நாள். வெறும் கணக்குக் கொடுத்தவர் மேல் அந்தப் பிரிவு போடப்பட்டிருந்தால், அதற்கான அடிப்படை ஆவணத்தில் இல்லை என்பதே ஜாமீன் வாதத்தின் முதல் வரியாக இருக்கட்டும்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று குடும்பத்தார் வருவார்கள். ஸ்டேஷனிலோ வீட்டிலோ கையில் கொடுக்க விடாதீர்கள். நீதிமன்றக் கணக்கில் செலுத்தட்டும். 318(4)-ஐ நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்ய முடியும்.

கட்சிக்காரர் என்ன சொன்னார் என்று உங்களையே விசாரணைக்கு அழைத்தால், பி.எஸ்.ஏ. 132 உங்களைக் காக்கும். அந்தப் பிரிவின் விதிவிலக்கில் வந்தால் மட்டுமே, அதுவும் எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடுதான் வழக்கறிஞரை அழைக்கலாம் என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வரையறுத்திருக்கிறது.

அந்தரங்கப் படங்கள், மிரட்டல்

இங்கே பணத்தைவிட முதலில் படத்தை நீக்குவதுதான் வேலை. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இணைப்போடு புகார், அதே நேரத்தில் தேசிய இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான தனிப் பிரிவில் பதிவு. நீக்குவதற்கு முன் இணைப்பு, கணக்கு முகவரி, தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். படத்தை நீங்கள் சேமிக்கவோ அலுவலகத்தில் அச்செடுக்கவோ வேண்டாம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் அதை வைத்திருப்பதே குற்றம். பெண் அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுக்கக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கும், சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் உள்ளிட்ட பழங்குடியினருக்கும், பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100-க்கும் அழைக்கலாம்.

நீதிமன்றத்தில்

குற்றப்பத்திரிகைக்குப் பிறகு வழக்கை நடத்துவது அரசு உதவி வழக்கறிஞர். பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞர் அவருக்கு உதவியாக நிற்கலாம், சான்று முடிந்த பிறகு நீதிமன்ற அனுமதியோடு எழுத்துப்பூர்வ வாதம் தாக்கல் செய்யலாம். மோசடிப் பணம் ஓடிய பாதையை ஒரே பக்க வரைபடமாக வரைந்து, ஒவ்வொரு அம்புக்குறிக்கும் எந்தச் சான்றாவணம் என்று எண் போட்டு அவரிடம் கொடுங்கள். பல வழக்குகளை ஒரே நாளில் நடத்தும் அவருக்கு இதைவிடப் பயனுள்ள உதவி இல்லை.

குற்றவாளி பிடிபடாவிட்டாலும் வங்கியின் பாதுகாப்புக் குறைபாட்டால் இழப்பு என்று காட்ட முடிந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 46-இன்படி தீர்ப்பளிக்கும் அலுவலரான மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் 5 கோடி ரூபாய் வரை இழப்பீடு கோரலாம். தூத்துக்குடிக் கிளையில் கணக்கு வைத்திருந்த ஒருவருக்கு, ஃபிஷிங்கில் (போலிச் செய்தி அனுப்பிக் கணக்கு விவரத்தைப் பறிக்கும் மோசடியில்) போன பணத்துக்காக 12.85 லட்சம் ரூபாய் தரும்படி 2010-இல் ஒரு தனியார் வங்கிக்குத் தமிழ்நாட்டில் இப்படித்தான் உத்தரவானது. குற்ற வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே இதையும் தொடரலாம்.

சாட்சிகளில் தவறுபவர்கள் வெளிமாநில வங்கி அதிகாரிகளும் செல்போன் நிறுவனப் பொறுப்பாளர்களும்தான். சம்மன் போகும், ஆள் மாறிப் போயிருப்பார், வாய்தா தள்ளிப் போகும். பிரிவு 530 காணொளி வழியே சாட்சியம் பதிய இடம் தருகிறது. அஸ்தம்பட்டி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் வழக்கு சாட்சி நிலைக்கு வருவதற்கு முன்பே, அவர்களின் 63(4) சான்றிதழ் ஒழுங்காக இருக்கிறதா, கையெழுத்திட்டவர் இப்போது எங்கே பணியில் இருக்கிறார் என்பதை விசாரணை அதிகாரியோடு உட்கார்ந்து சரிபார்த்து, காணொளிக்கான மனுவை அரசு உதவி வழக்கறிஞர் மூலம் தாக்கல் செய்துவிடுங்கள்.